ஆசைக்கு ஒரு பெயர்

இல்லாத பொருளை விரும்புவது வேறு. இருக்கிற பொருளையே இன்னும் உயர்ந்த ரகமாக விரும்புவது வேறு. முதலாவது எளிதில் விளங்கக்கூடியது. குடையில்லாதவன் மழையில் நனைகிறான். குடை வேண்டும் என்கிறான். அவனுக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் நல்ல குடை ஒன்று கையிலிருக்கும்போதே, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் வெள்ளிப்பூண் போட்ட குடையைப் பார்த்து ஒருவன் நின்றுவிடுகிறானே, அவன் விஷயம்தான் சிக்கலானது. மழை அவனை நனைக்கவில்லை. வேறு ஏதோ ஒன்று நனைத்துக்கொண்டிருக்கிறது.

ஆசையை அறவே விடு என்று சொன்ன பெரியவர்கள் நம் நாட்டில் நிறையப் பேர். அந்த வாக்கு துறவிக்குப் பொருந்தும். மாதம் பிறந்தால் சம்பளம், மாதம் முடிவதற்குள் கைமாற்று என்று வாழ்கிற குடும்பஸ்தனுக்கு வேண்டியது வேறு புத்திமதி. எந்த ஆசைக்கு உட்கார நாற்காலி போடலாம், எதை வாசலோடு அனுப்பிவிடலாம் என்று பிரித்தறிய அவனுக்கு ஒரு வழி வேண்டும். அதைச் சொல்லத்தான் ஆளைக் காணோம். கடைக்காரர் சொல்வார், ஆனால் அவர் ஒரு கட்சியின் வக்கீல்.

எனக்கு வேண்டிய அன்பர் ஒருவர் அண்மையில் இப்படியொரு ஆசையோடு வந்தார். ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் உத்தியோகம். ஐம்பதைத் தாண்டிய வயது. பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறான், பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வெற்றிலை, சீட்டாட்டம் என்று மனிதருக்கு ஒரு பழக்கமும் கிடையாது. ஒரே பித்து, காமிரா. ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே அதைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். ஏரிக்கரை, ஆட்டுச் சந்தை, தேர்த் திருவிழா என்று அலைந்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புவார். ஆறு வருஷங்களுக்கு முன் வாங்கிய காமிரா அது. நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அதைவிட உயர்ந்த ரகம் ஒன்றின் மேல் கண் விழுந்து, மூன்று மாதமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. காமிராவும் அதற்கேற்ற லென்ஸுமாக இரண்டு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். 24 மாதத் தவணை.

"வாங்கலாமா, வேண்டாமா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சார்" என்றார்.

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மூன்று மாதம் தூங்காத ஒரு மனிதரின் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. இருவருமாக உட்கார்ந்து அதை அலசிப் பார்த்தோம்.

முதலில் பொருளுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். விலை உயர்ந்த காமிரா உண்மையிலேயே உயர்ந்ததுதான். அவருடைய பழைய காமிராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் சில்லு ஏறத்தாழ 23.5 மில்லிமீட்டர் அகலமும் 15.6 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. புதியதில் அது 36க்கு 24. பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். பெரிய அண்டாவில் மழைத் தண்ணீர் அதிகம் விழுவது போல, பெரிய சில்லில் வெளிச்சம் அதிகம் விழும். மங்கலான இடத்தில் எடுக்கும் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் குறையும். இது விளம்பரப் பொய் அல்ல.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பழைய காமிரா ஒரு படத்தை 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளாகப் பதிகிறது. புதியது 4 கோடியே 50 லட்சம். ஏறக்குறைய இரட்டிப்பு என்று காதில் விழுகிறது. ஆனால் புள்ளிகள் நீளத்திலும் அகலத்திலுமாகப் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன; ஆகவே படத்தின் அகலம் கூடுவது நூற்றுக்கு 37 பங்குதான். அகலம் இரட்டிக்க வேண்டுமானால் புள்ளிகள் நான்கு மடங்காக வேண்டும். இத்தனைக்கும் சுவரில் மாட்டும் 8க்கு 10 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நல்ல தரத்தில் அச்சிட, 72 லட்சம் புள்ளிகள் போதும். வரவேற்பறையில் இருக்கும் 4கே தொலைக்காட்சியின் திரை முழுவதிலுமே 83 லட்சம் புள்ளிகளுக்கு மேல் இல்லை. அன்பரின் பழைய காமிரா ஏற்கெனவே இந்தத் தேவைகளைப் போல மூன்று மடங்கு கொடுத்துக்கொண்டிருக்கிறது. வாங்கிக்கொள்ளச் சுவர்தான் இல்லை.

கருவிகளின் உலகத்தில் இது பொது நியதி. முதல் ஆயிரம் ரூபாய் நம்மை இல்லாமையிலிருந்து இருப்புக்குக் கொண்டுவருகிறது. கடைசி லட்சம் ரூபாய் நூலளவு நகர்த்துகிறது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடாக் காமிராவின் விலை 25 டாலர். நூறு படத்துக்கான பிலிமை உள்ளேயே போட்டுக் கொடுத்தார்கள். எடுத்து முடித்ததும் காமிராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். 1900இல் அதே கம்பெனி பிரவுனி என்ற அட்டைப்பெட்டிக் காமிராவை ஒரு டாலருக்குக் கொண்டுவந்தது. 25 டாலர் காமிராவைவிட அது மட்டமானதுதான். ஆனாலும் படம் எடுப்பது என்பதைக் கனவிலும் நினைக்காதிருந்த வீடுகளுக்குள் படம் நுழைந்தது அந்த ஒரு டாலரால்தான். ஒரு டாலரில் கிடைத்த மாறுதலுக்கு ஈடான மாறுதலை, அதற்குப் பிறகு செலவிடும் ஆயிரம் டாலரும் கொடுப்பதில்லை.

இவ்வளவு சொன்னதும் அன்பர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் வேண்டாம் என்கிறீர்கள்" என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. யாராவது நல்ல கருவி வேண்டும் என்று வாயைத் திறந்தால் உடனே அதை எடுத்து வீசிவிடுகிறோம். வீசுவதில் நமக்கு ஒரு சுகமும் இருக்கிறது; அடுத்தவன் ஆசையை அடக்குவது அவ்வளவு இலேசான தர்மம். ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும் வீடுகளும் உண்டு. மொட்டை உளியைக் கையில் கொடுத்துவிட்டு, கலை கையில்தான் இருக்கிறது என்று தச்சனுக்கு உபதேசம் செய்வது நாகரிகமல்ல. ஏழ்மையைப் புகழ்ந்து பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை மற்றவர்களுக்கே சிபாரிசு செய்கிறார்கள்.

கருவி முக்கியமில்லை என்பதற்கு உதாரணமாக ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோனைச் சொல்வார்கள். 1948 ஜனவரி 30ஆம் தேதி காந்தியடிகளை அவருடைய கடைசிப் பிற்பகலில் சந்தித்து, பிறகு இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் அவர். வாழ்நாளின் பெரும்பகுதியைச் சிறிய லைக்கா காமிரா, 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்ற அளவிலேயே கழித்தார் என்பது உண்மை. ஆனால் லைக்கா ஏழையின் காமிரா அல்ல. 1925இல் சந்தைக்கு வந்த நாளிலிருந்தே அது விலை உயர்ந்த பண்டம். அவருடைய வாழ்க்கை நமக்குச் சொல்வது வேறு. அவர் தமக்கு ஏற்ற நல்ல கருவியைத் தேடிக்கொண்டார். அதன் பிறகு கடை வீதியைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தார். சிக்கனத்தைவிட இந்த நிறுத்தம் அரியது. வாங்குவதற்குப் பணமிருந்தால் போதும். நிறுத்துவதற்கு, தான் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்தத் தெரிதல் இருந்துவிட்டால் செலவின் நிறமே மாறிவிடுகிறது. நம் ஊர்க் கதை ஒன்றே இருக்கிறது. 1856இல் சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவக் கேப்டனைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. பெரிய பெட்டிக் காமிராவையும், மெழுகு தடவிய காகிதங்களையும், ரசாயனப் புட்டிகளையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு அவர் தென்னாட்டைச் சுற்றினார். மதுரை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சை எல்லாம் அவர் பெட்டிக்குள் புகுந்தன. 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலில், விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகள் முழுவதையும் 21 படங்களாக எடுத்து, ஒட்டவைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். மறு வருஷம் சென்னைக்குக் கவர்னராக வந்தார் சர் சார்லஸ் டிரெவெல்யன். கலகம் முடிந்து கஜானா வற்றியிருந்த சமயம். இந்தப் புகைப்பட வேலை நமக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று முடிவு செய்து நிறுத்திவிட்டார்.

இருவரில் யார் சரி? டிரெவெல்யனைக் கஞ்சன் என்று தள்ளிவிட முடியாது. கஜானா அவருடைய சொந்தப் பை அல்ல. பாடுபட்டு வரி கட்டியவனின் பணம். ஆனால் டிரைப்பின் செலவும் வீண்செலவு அல்ல. தமக்கு எந்தப் படம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கல்லில், அந்த வரியில் தொடங்கி இந்த வரியில் முடிய வேண்டும் என்று தெரிந்திருந்தது. வண்டிகள் அந்தப் படத்துக்காகப் போயின. வண்டி இருக்கிறதே என்று படத்தைத் தேடிப் போகவில்லை.

ஆகவே அன்பரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "இந்த ஆறு வருஷத்தில் உங்கள் காமிரா முடியாது என்று மறுத்த படம் எது? ஒன்றைச் சொல்லுங்கள், போதும்."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. முதலில் அந்தப் புதிய காமிராவின் பெருமைகளையே சொல்லத் தொடங்கினார். நொடிக்கு எத்தனை படம் எடுக்கும், பறக்கும் பறவையின் கண்ணைத் தானே எப்படிக் கண்டுபிடிக்கும் என்றெல்லாம் விவரித்தார். பிறகு தாமே நிறுத்திக்கொண்டார். "பறவை நான் அதிகம் எடுப்பதில்லை" என்றார். சிறிது நேரம் கழித்து, மெல்ல, "கூத்து" என்றார்.

செய்யாற்றுப் பக்கம் அவருடைய தாயார் பிறந்த ஊர். அங்கே விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். பின்னிரவு மூன்று மணிக்கு, வேஷம் கட்டிய மனிதனின் முகத்தில் வேர்வையும் அரிதாரமும் கலந்து இறங்கும்போது, வேஷத்துக்கு அடியிலிருந்து களைத்துப்போன ஒரு விவசாயி எட்டிப் பார்ப்பாராம். அந்த முகம் அவருக்கு வேண்டும். நான்கு வருஷமாக முயன்றும் முகம் அசைந்து கலைந்துபோகிறது. இல்லாவிட்டால் மணல் தூவியது போல் விழுகிறது.

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சம், காமிராவின் பெருமைகளைச் சொன்னபோது இல்லை.

கூடம் கோணலாக இருந்தது இந்த ஒரு மூலையில்தான். அதைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும் என்று பார்த்தோம். அவரிடம் இருப்பது காமிராவோடு சேர்ந்து வந்த சாதாரண லென்ஸ். முகத்தை அருகில் காட்டும்போது அதன் வாய் 5.6 என்ற அளவுக்குமேல் திறக்காது. 1.8 வரை திறக்கும் சிறிய 50 மில்லிமீட்டர் லென்ஸ்கள் இருக்கின்றன. அந்த எண்களை வகுத்து வர்க்கப்படுத்திப் பார்த்தால், வெளிச்சம் ஒன்பது மடங்குக்குமேல் கூடுகிறது. பெரிய சில்லுள்ள புதிய காமிராவால் கிடைப்பது இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். அவர் விசாரித்த வரையில் அந்தச் சிறிய லென்ஸின் விலை, புதிய காமிராவின் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓர் இரவுக்கு வாடகைக்கே வாங்கிப் பார்க்கலாம்.

இதில் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பெயர் சொல்லத் தெரிந்த ஆசை பெரும்பாலும் மலிவானது. பெயர் தெரியாத ஆசைதான் விலை உயர்ந்தது. எது வேண்டும் என்று தெரியாதவனுக்கு எல்லாமே வேண்டியிருக்கிறது. அந்த எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்கக் கடைகள் தயாராக இருக்கின்றன.

இத்தோடு விஷயம் முடிந்திருக்கலாம். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. "உண்மையைச் சொல்லவா, சார்? அந்தக் காமிராவைக் கடையில் கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் கனம், அது மூடித் திறக்கும் ஓசை... கூத்துக்காக மட்டும் இல்லை. அது என்னிடம் இருக்க வேண்டும் என்று இருக்கிறது" என்றார்.

இதைப் பாவம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. முப்பது வருஷம் பிறருடைய கணக்கை எழுதிய கை, அழகாகச் செய்யப்பட்ட ஒரு பொருளைப் பிடித்துப் பார்க்க விரும்புவதில் என்ன குற்றம்? பயன் ஒன்றையே அளவுகோலாக வைத்தால் வாழ்க்கையில் பாதியைக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். சிகாகோவில் பிறர் வீட்டுக் குழந்தைகளை வளர்க்கும் வேலை பார்த்துவந்தார் விவியன் மேயர் என்ற மாது. அவர் கழுத்தில் தொங்கியது உயர்ந்த ரக ரோலிபிளெக்ஸ் காமிரா. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஏறக்குறைய யாருக்குமே காட்டவில்லை. பல பிலிம் சுருள்களைக் கழுவிப் பார்க்கக்கூட இல்லை. 2007இல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்த பிறகே உலகம் அவற்றைக் கண்டது. 2009இல் அவர் காலமானார். புகழ் வந்ததால் அந்தக் காமிரா நியாயமாயிற்று என்று நான் நினைக்கவில்லை. ஏலமே நடக்காமல் போயிருந்தாலும், அவர் தம் சம்பளத்தில், தம் ஆனந்தத்துக்காக வாங்கிய பொருளைப் பற்றிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

'தம் சம்பளத்தில்' என்ற இடத்தில்தான் அன்பரின் நிலை வேறுபடுகிறது. வீட்டில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாலு கல்யாணத்துக்குப் படமெடுத்தால் தவணை அடைந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் இதுவரை ஒரு கல்யாணத்துக்கும் கூலிக்குப் படமெடுத்ததில்லை. எடுக்கப்போவதும் இல்லை. அந்த வேலையைப் பற்றி அவர் பேசும் விதமே அதற்குச் சாட்சி. அந்த அம்மாளுக்குப் பல் வலி. வைத்தியர் சொன்ன சிகிச்சையைப் பெண்ணின் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வருகிறாராம். இதுவும் அவர் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டு லட்சத்து இருபதாயிரத்தில் இருந்த ஒழுக்கப் பிரச்னை அவ்வளவும் எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் இருப்பதாகத் தோன்றியது. நம் நடுத்தர வகுப்புக்கு ஆசைப்படுவதில் ஒரு கூச்சம். அதனால் ஆசைக்குத் தேவை என்று வேஷம் கட்டிச் சபைக்கு அனுப்புகிறோம். வியாபாரத்துக்கு, பிள்ளைகளின் படிப்புக்கு, எதிர்காலத்துக்கு என்று விதவிதமான அரிதாரம். 'எனக்கு இது வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது' என்று ஒருவர் வீட்டில் சொன்னால், எதிரில் இருப்பவருக்கும் 'எனக்கும் ஒன்று வேண்டும்' என்று சொல்ல இடம் கிடைக்கிறது. இரண்டு ஆசைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்ள முடிகிறது. தேவை என்று சொல்லிவிட்டாலோ பேச்சு நின்றுவிடுகிறது. தேவைக்கு எதிராக ஒரு பல் வலி என்ன வாதாட முடியும்?

'பதேர் பாஞ்சாலி'யைச் சத்யஜித் ரே எடுத்தபோது கையிலிருந்த காசு தீர்ந்துவிட்டது. இன்ஷியூரன்ஸ் பாலிசியின் மேல் கடன் வாங்கினார். அருமையாகச் சேர்த்த இசைத் தட்டுகளை விற்றார். மனைவி பிஜோயாவின் நகைகளும் அடகுக்குப் போயின. காமிராவைக்கூட அவர் சொந்தமாக வாங்கவில்லை, வாடகைக்கு எடுத்தார். குடும்பத்தின் பணம் ஒருவருடைய கனவுக்குப் போனது என்பதில் அவருக்கும் நம் அன்பருக்கும் வித்தியாசமில்லை. ஆனால் எந்தப் படம் வேண்டும் என்று ரே காட்சி காட்சியாக நோட்டுப் புத்தகத்தில் வரைந்து வைத்திருந்தார். நகைகள் எதற்காகப் போகின்றன என்று பிஜோயாவுக்குத் தெரிந்திருந்தது. 1955இல் அந்தப் படம் தோற்றுப் போயிருந்தாலும் அங்கே நஷ்டம் ஏற்பட்டிருக்குமே தவிர, வஞ்சனை நடந்திருக்காது.

வாங்குங்கள் என்றோ வேண்டாம் என்றோ நான் அன்பருக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் அவர் வீட்டில் இருக்கிறார். கல்யாணக் கணக்கை எடுத்துவிட்டு, அதன் கனத்தையும் ஓசையையும் பற்றி எனக்குச் சொன்னதை அப்படியே அங்கே சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்த அம்மாள் மறுக்கலாம். வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் கூடும். கணவனின் பித்து என்னவென்று ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்தானே. எதுவானாலும், அதன் பிறகு அந்த வீட்டில் காமிரா ஒரு பொய்யின் ஞாபகமாக அலமாரியில் உட்கார்ந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பழைய வீடுகள் பலவற்றில், கூடத்துச் சுவரில் மாலை போட்டு ஒரு பாட்டியின் படம் இருக்கும். உற்றுப் பார்த்தால் அவளுடைய தோளருகே வேறு யாருடைய பட்டுப் புடவைத் தலைப்போ, ஒரு குழந்தையின் கையோ தெரியும். யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டுப் படத்திலிருந்து அவளைத் தனியே வெட்டியெடுத்துப் பெரிதாக்கியிருப்பார்கள். முகம் மங்கிப் போயிருக்கும். கண்கள் இரண்டு கறுப்புப் புள்ளிகளாக இருக்கும். நல்ல காமிராவாக இருந்திருந்தால் அந்தக் கண்கள் நமக்குக் கிடைத்திருக்கும் என்பது உண்மைதான். நல்ல கருவியின் அருமையை அந்தச் சுவரைவிட நன்றாக யாரும் எடுத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் காமிரா வாங்கக்கூடியவர்களும், வாடகைக்குக் கொண்டுவரக்கூடியவர்களும் இருந்திருப்பார்கள். அடுக்களையிலிருந்து அவளை வெளியே அழைத்துவந்து, "பாட்டி, இப்படி ஜன்னல் பக்கம் கொஞ்சம் உட்கார்" என்று சொல்லத்தான் அத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.